நீயே மொண்டு குடித்த தண்ணீர்

இன்று காலை அடுப்பில் பூண்டு வதங்கிக்கொண்டிருந்தபோது உன் ஞாபகம் வந்தது. நல்லெண்ணெயில் பூண்டு சிவக்கும் வாசனை உனக்கு ஆகாது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கிளறுவாய். அப்படியும் பிள்ளை பெத்தவளுக்குப் போகிற குழம்பு என்றால் கரண்டியை இன்னொருத்தி கையில் கொடுக்க மாட்டாய். நீ கண்ணை மூடிய தை மாதத்துக்குப் பிறகு கரண்டி என்னிடம் வந்துவிட்டது. உன் போனும் என்னிடம்தான் இருக்கிறது. குழம்பு கொதிக்கும்போது அதுதான் அடித்தது.

சிங்கவரம் போகிற ரோட்டில் ஒரு வீடு. மருமகளுக்கு இரண்டாவது பிரசவம், ஆபரேஷன். மாமியார்தான் பேசினாள். "எனக்கு முட்டி வலி, நிக்க முடியல. உங்க ஆளுங்கள்ல யாரையாச்சும் அனுப்பும்மா. ஆனா நம்மாளா பார்த்து அனுப்பு." இன்று போகவேண்டிய முறை கோமதியுடையது. அதைச் சொன்னேன். "அப்ப யோசிச்சி சொல்றோம்" என்று வைத்துவிட்டாள். பின்னால் யாரோ குழந்தையைத் தட்டித் தட்டித் தூங்கவைக்கப் பார்ப்பது கேட்டது.

உனக்கு மடல் எழுதுகிற அளவுக்கு நாம் ஒட்டி உறவாடியவர்கள் இல்லை. அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டு ஒரே வீட்டுக்குள் வந்த ஓரகத்திகள். நான் மூத்தவள், நீ இளையவள். நீ அக்கா என்பாய், நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். அதைத் தாண்டி உன் பெட்டி உனக்கு, என் பெட்டி எனக்கு. உன் வாய்த்துடுக்கு எனக்குப் பிடிக்காது. என் நிதானம் உனக்கு எரிச்சல். செத்துப்போனதால் இதை மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நம் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய் வீட்டில். அடுத்தது புகுந்த வீட்டில். முதல் பிள்ளைக்கு ஊரே தாங்கும், இரண்டாவதற்கு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நீ சின்னவளைப் பெற்றபோது மல்லாட்டைச் செடி பிடுங்கும் நேரம். வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் நிலத்தில். தையல் பிரிக்காத வயிற்றோடு நீயே எழுந்து சோறு வடித்தாய். அதை நீ யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும், ஒரு நாள் குழாயடியில் நான்கு பேர் இருக்கும்போது, "இனிமே நம்ம தெருவுல பெத்தவ எவளும் தனியா கெடக்கக் கூடாது, ஆளுக்கு ஒரு நாள் போவலாம்" என்றாய். பெண்கள் சரி என்றார்கள். அதுதான் முறை. அதற்கு மேல் அதற்கு ஒரு பெயரும் நாம் வைக்கவில்லை.

முதல் வீட்டுக்கு ஆறேழு பேராகப் போனோம். ஹார்லிக்ஸ், ஆப்பிள், குழந்தைக்குச் சட்டை. பாயை விரித்து உட்கார்ந்து பிள்ளை யார் ஜாடை என்று பேசிக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தால் அந்தப் பெண் வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நமக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஒரு வாய் டீ கொடுக்காமல் எப்படி அனுப்புவது? அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வெளியே வந்ததும் நீ கத்தினாய். "ஒத்தாசைக்குப் போனமா, வேலை வைக்கப் போனமா? இனிமே போற வீட்ல உக்காராதீங்க. புள்ளைய வாங்காதீங்க. குடுக்கறத குடிக்காதீங்க, பச்சத் தண்ணி கூட. ஒரு வேலைய செஞ்சிட்டு கெளம்புங்க."

"சாவு வீட்டுக்குப் போற மாதிரி இல்ல இருக்குது" என்று யாரோ சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டம் வேலை செய்தது. ஒருத்தி வருவாள், துணி துவைத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவாள். அடுத்த நாள் இன்னொருத்தி பெரிய பிள்ளையைக் குளிப்பாட்டி ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டுப் போவாள். பெத்தவள் தூங்கினாள். நம் தெருக்களில் எல்லாருக்கும் இது பழகிவிட்டது.

அப்புறம்தான் கோமதி. ஊரை விட்டுத் தள்ளி, காலனியில் அவள் வீடு. பி.காம். படித்தவள், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மொபைல் கடையில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷனுக்கு பெங்களூரில் வேலை. தாய் இல்லை. இரண்டாவது குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் பேசுவதில்லை, சாப்பிடுவதில்லை, பிள்ளை அழுதால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று ஊசி போட வரும் நர்சம்மா உன்னிடம் சொன்னார். "தனியா விடாதீங்க. எனக்கு பயமா இருக்குது" என்றும் சொன்னார். நீ கேரியரை எடுத்தாய். நானும் வந்தேன், விருப்பப்பட்டு அல்ல.

கோமதி நம்மைப் பார்த்தாள். அத்தனை நாள் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தவள், எழுந்து உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். நீ உன் சட்டப்படி தலையாட்டினாய். "வேணாம்மா. நீ போய் உக்காரு."

அவள் நீட்டிய கை அப்படியே நின்றது. அவளுடைய மாமியார் அந்தச் சொம்பை வாங்கி வைத்தாள். பிறகு கேரியரை எடுத்து உன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "நீங்க குடுக்கறத நாங்க துன்னணும். எங்க தண்ணி உங்க வாயில படக் கூடாது. இத எங்க ஆத்தா காலத்துலயே பார்த்துட்டோம். எடுத்துட்டுப் போங்க." கதவு சாத்தப்பட்டது.

நீ என்னைப் பார்த்தாய். உனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. எனக்கும்தான். நம் தெருவில் அந்தச் சட்டத்துக்கு ஒரு அர்த்தம், அந்தத் தெருவில் வேறு அர்த்தம். அதுவரை அது நம் இரண்டு பேர் தலையிலும் ஏறவே இல்லை. விளங்கியதும் உன் முகம் வெளுத்துவிட்டது. உன்னை அப்படி நான் பார்த்ததில்லை.

மறுநாள் திரும்பப் போனாய். நானும் பின்னால் வந்தேன். வாசலில் நின்று அந்த அம்மாவிடம், "பெத்தவள எழுப்பக் கூடாதுன்னு எங்க வீடுங்கள்ல நான் வச்ச பழக்கம் அது. இங்க வந்து அப்படிச் செஞ்சது தப்பு. தப்பு என்னுது" என்றாய். மன்னித்துவிடு என்று கெஞ்சவில்லை. "உள்ள வரட்டா?" என்று மட்டும் கேட்டாய். அந்த அம்மா கதவைச் சாத்தவில்லை. நீ அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போனாய். குடத்தில் நீயே சொம்பை விட்டு மொண்டு, அண்ணாந்து குடிக்காமல் வாய் வைத்துக் குடித்தாய். இன்னொரு சொம்பு மொண்டு கோமதி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "நீயும் குடி. தண்ணி கூட குடிக்காம பால் எங்கருந்து வரும்?" என்றாய். அவள் குடித்தாள். பாதி தண்ணீர் புடவையில் சிந்தியது.

ஒரு சொம்பு தண்ணீரில் அவள் தேறிவிட்டாள் என்று நான் கதை கட்ட மாட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு நீதான் கூட்டிக்கொண்டு போனாய். மாத்திரை கொடுத்தார்கள். தெளிய மாதக்கணக்கில் ஆனது. அதுவரை முறை வைத்துப் போனோம். போகிற ஒவ்வொருத்தியும் தண்ணீரைத் தானே மொண்டு குடித்துவிட்டு, பெத்தவளுக்கும் ஒரு சொம்பு கொடுக்கவேண்டும் என்று சட்டத்தை மாற்றினாய். "எந்த வீடா இருந்தாலும்" என்றாய். அந்த வார்த்தை எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

தேறியதும் கோமதி தனக்கும் முறை வேண்டும் என்றாள். நீ அவளை முதலில் அனுப்பியது நம் வீட்டுக்கு. என் மகள் பிரசவித்துப் படுத்திருந்தாள். கோமதி உள்ளே வந்தாள், குடத்தில் மொண்டாள், குடித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏன் என்று எனக்கே கோபம். நம் மாமியாரோ அவள் போனதும் குடத்தைக் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போய் புளி போட்டுத் தேய்த்தாள். நீ பக்கத்தில் போய் நின்றாய்.

"கழுவுங்க அத்தை. அடுத்த முறைக்கும் வருவா. அப்பவும் கழுவுங்க."

மாமியாரும் விடவில்லை. கோமதி வந்துபோகும் நாளெல்லாம் தேய்த்தாள். அந்த வருஷம் நம் வீட்டுக் குடம்போல் பளபளத்த குடம் செஞ்சியிலேயே கிடையாது. அப்புறம் ஒரு நாள், "கை வலிக்குதுடி" என்று படுத்துவிட்டாள். அதோடு சரி. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

வெளியே அத்தனை லேசாகப் போகவில்லை. சிலர் முறையிலிருந்து விலகிக்கொண்டார்கள். "நம்மாளா அனுப்பு" என்று போன் வரும். "முறை யாருதோ அவதான் வருவா" என்று நீ சொல்லிவிட்டு, அந்த வீட்டு வாசலுக்கு அவளோடு கூடவே போவாய். சில கதவு திறக்கும். சில திறக்காது. திரும்பி வந்து கையைக் கழுவிக்கொண்டு சோற்றில் உட்கார்ந்துவிடுவாய். போன காரியம் என்ன ஆனது என்று ஒரு வார்த்தை வராது. இவளுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வீட்டிலிருந்து திரும்ப போன் வரவில்லை. இன்று கேரியர் வாங்க கோமதி வந்தபோது, அந்த வீட்டில் சொன்னதை மறைக்காமல் சொன்னேன். இன்று மட்டும் அவள் முறையை நான் எடுத்துக்கொள்ளலாமா என்ற நினைப்பும் வந்தது. அங்கே ஒருத்தி பசியோடு கிடக்கிறாளே. அதையும் சொன்னேன்.

"இன்னிக்கி மாத்திக்கினா நாளைக்கி எனக்கு எந்த வீடு மிஞ்சும்க்கா?" என்றாள். "கொழம்பு ஆறிடும். வாங்க."

வாசலில் அந்த மாமியார் நின்றிருந்தாள். "இன்னாம்மா, நான் சொன்னது காதுல விழலியா?"

"விழுந்துது. இன்னிக்கி முறை இவளுது" என்றேன். மாமியார் முகத்தைப் பார்க்காமல், கதவைப் பார்த்துத்தான் சொன்னேன். கோமதி கேரியரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். யாரும் நகரவில்லை.

உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது. "யாரா இருந்தா இன்னா அத்தை? எனக்குப் பசிக்குது."

மாமியார் வா என்று சொல்லவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் வைக்கவேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்பக்கம் போய்விட்டாள். கதவு திறந்தே கிடந்தது. கோமதி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். முறை என்னுடையது இல்லை என்பதால் நான் திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கையைக் கழுவிக்கொண்டு சோற்றில் உட்கார்ந்தேன். உன் சின்ன மகள்தான் பரிமாறினாள். "இன்னா ஆச்சி பெரிம்மா?" என்று கேட்டாள். நல்ல செய்திதான், ஆனால் எனக்குப் பேச்சே வரவில்லை. நீ ஏன் பேசாமல் சாப்பிட்டாய் என்று அப்போதுதான் விளங்கியது. உனக்காக எனக்கு முதல்முதலாகக் கண்ணீர் வந்தது இன்றைக்குத்தான்.

"பயமா இருந்துச்சா?" என்றாள் உன் மகள்.

இருந்தது என்றேன். ஒவ்வொரு வாசலிலும் உனக்கும் இதுதான் இருந்திருக்கும். இந்த வீட்டில் பாத்திரத்திலோ நகையிலோ உன் பங்கை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இந்தப் பயம் உன்னுடையது. இதை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.