தொட்டியில் கிடந்த காலி ஓடு

இன்று காலை சிமென்ட் தொட்டியின் அடியில் ஒரு காலி ஓடு கிடந்தது. மீசை, கால், கண் எல்லாம் அப்படியே இருந்தன. எடுத்துக் கையில் வைத்தேன், கனமே இல்லை. உன் நினைவு வந்தது.

சிங்கி இறால் குஞ்சு வளர்க்கத் தொடங்கிய புதிதில், இப்படி ஒன்றைப் பார்த்து நீ தேம்பித் தேம்பி அழுதாய். "பாவம், நல்லாத்தானே தின்னுச்சு" என்றாய். தென்னை மூட்டில் குழி தோண்டிப் புதைத்து, சிலுவைக்குறியும் போட்டாய். சாயங்காலம் மட்டிச் சதையை நறுக்கிப் போட்டபோது, செத்ததாக நினைத்த அதே குஞ்சு மெத்தென்ற புது உடம்போடு குழாய்க்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. "வெறும் ஓட்டுக்கா நான் செபம் சொன்னேன்!" என்று நீ சிரித்த சிரிப்பு ஹட் பே ஜெட்டியில் கப்பலுக்கு நிற்பவர்களுக்கும் கேட்டிருக்கும்.

ஓடு கழற்றிய குஞ்சு ஒளிய இடமில்லாவிட்டால் மற்றவை கடித்துத் தின்றுவிடும். அதனால் பழைய பிளாஸ்டிக் குழாய்களைத் துண்டு போட்டுத் தொட்டியில் இறக்கினோம். எத்தனை போட்டாலும் உனக்குப் போதாது. "இன்னும் ஒரு குழா கூடவே கிடக்கட்டும்" என்பாய். மழை பெய்தால் தார்ப்பாயை இழுத்து மூடுவாய். பிறகு, மழைநீர் கலந்து உப்புக் குறைந்துவிட்டதோ என்று தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பாய்.

உனக்குக் காய்ச்சல் விடாமல் போகவே, போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. நானும் வருகிறேன் என்றேன், நீ விடவில்லை. "தங்கச்சி வாராள்லா. நீங்க குஞ்சுகளப் பாருங்க, ஜல்தி வந்துருவேன்" என்று கப்பல் ஏறினாய்.

மறுநாள் போனில் கேட்டாய். "இங்க ஒரே மழ. அங்கயும் பேஞ்சுதா? தண்ணிய நாக்குல வச்சுப் பாத்தியளா?"

"பாத்தேன். உப்பு இருக்கு."

"அப்பஞ் சரி."

என்னிடம் நீ கடைசியாகச் சொன்னது அதுதான். அடுத்த கப்பலில் உன்னைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள்.

கதவுக்குப் பின்னால் உன் நைட்டி இன்னும் தொங்குகிறது. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறாள் உன் தங்கச்சி. எனக்கு மனம் வரவில்லை. காலி ஓட்டைக் கண்டதும் குழாய்களுக்குள் தேடுவது எனக்குப் பழகிவிட்டது. இன்றும், நீ கூடுதலாகப் போடச் சொன்ன கடைசிக் குழாயில் அந்தக் குஞ்சு உயிரோடு ஒடுங்கிக் கிடந்தது. கையைக் கழுவிவிட்டு வீட்டுக்குள் வந்தேன். நைட்டியைப் பார்த்தேன். பிறகு அடுக்களைக்குள்ளும் ஒரு தரம் எட்டிப் பார்த்தேன்.