எல்லாப் பெண்களும் ‘வீட்டில்’

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நலமா? அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே வெளிநாட்டில் எனக்குக் கோபத்தைத் தவிர வேறு நோய் இல்லை. போனில் பேசினால் வைத்துவிடுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்துக்காக நீங்கள் வரைந்து கொடுத்த குடும்ப மரத்தை நம் மகள் படமெடுத்து அனுப்பினாள். நாலு தலைமுறை ஆண்கள் என்ன வேலை பார்த்தார்கள் என்று உங்கள் பெரியப்பா வரைக்கும் போய் விசாரித்திருக்கிறீர்கள். பெண்கள் எல்லோருக்கும் ஒரே வார்த்தை: ‘வீட்டில்’. எனக்கும் அதேதான். அவள் கேட்கிறாள், “அம்மா, நீ வீட்டுலதான் இருக்கியாம். அப்ப எந்த ரூம்ல ஒளிஞ்சிருக்கே?” சிரித்துவிட்டேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

உங்களைக் கேட்டால், “எங்கம்மா ரோட்டுல கல்லு உடைச்சாங்கன்னு டீச்சருக்குச் சொல்லணுமாக்கும்!” என்று எரிந்து விழுகிறீர்கள். கல் உடைத்துத்தானே உங்களைப் படிக்க வைத்தார்கள்? பெரியப்பாவைத் தேடிப் போனவர், பக்கத்து அறையில் இருக்கும் அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? நானும் பட்டம் வாங்கிவிட்டு இங்கே ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்பு துவைக்கிறேன். எனக்கு வெட்கமில்லை. உங்களுக்கு என்ன வந்தது?

இது கிடைத்ததும் திருத்துங்கள். அத்தை சொல்லச் சொல்ல நம் மகளே எழுதட்டும். என் பெயருக்குக் கீழே என் வேலையையும் எழுதட்டும். அம்மா காரணமில்லாமல் தன்னை விட்டுப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டு அவள் வளரக் கூடாது.

வேலைக்குப் போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. அவளுக்கு முன்பல் விழுந்துவிட்டதாமே? எறிந்துவிடாதீர்கள். எனக்கு எடுத்து வையுங்கள்.

கோபம் தீராமலே,
உங்கள் மனைவி