மாமி சுழற்றிய சக்கரம்

மாமி,

நேற்று என் மகன், உங்கள் பேரன், பழைய சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். டைனமோவுக்கு அவன் விட்ட எண்ணெயின் வாசம் அடுப்படி வரைக்கும் வந்தது. கறி துழாவிய கை நின்றுவிட்டது. எண்ணெய் வாசத்துக்குக் கிரிக்கெட் ஞாபகம் வருகிறது என்றால் யார் நம்புவார்கள்? நீங்கள் நம்புவீர்கள்.

வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரைக்கு ரேடியோ பற்றரி கொண்டுவர ஆமி தடை போட்டிருந்த போர்க்காலம் அது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோ வயரை ரேடியோவில் கொழுவி, பெடலைக் கையால் சுழற்றுவீர்கள். கை நின்றால் ரேடியோவும் நின்றுவிடும். வர்ணனை சிங்களத்தில், உங்களுக்கு ஒரு சொல் விளங்காது. அந்த ஆளின் குரல் ஏறி இறங்குவதை வைத்தே ஆட்டத்தின் போக்கைச் சொல்லிவிடுவீர்கள். இலங்கை தோற்றால் அன்று குழம்பில் உப்பு இருக்காது. வென்றால் அயலுக்கெல்லாம் தேத்தண்ணி.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். உங்கள் இளைய மகனைச் சுற்றிவளைப்பில் ஆமி பிடித்துக்கொண்டு போய், ஒரு தகவலும் இல்லை. ஒருநாள் கேட்டே விட்டேன்.

“அவங்கட டீம் வெண்டா நமக்கென்ன மாமி?”

நீங்கள் சுழற்றுவதை நிறுத்தவில்லை. “இந்த ஆட்டமெண்டா அவனுக்கு உசிரு, புள்ள. எங்கயாவது இருந்தானெண்டா இப்ப அவனும் இதத்தானே கேட்டுக்கிட்டிருப்பான்.”

அதற்குப் பிறகு, உங்கள் கை சோரும்போது மாற்றிச் சுழற்ற நானும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

அந்த இறுதியாட்டத்தில் கடைசிப் பந்து, இலங்கைக்கு இரண்டு ஓட்டம் வேண்டும். அவ்வளவுக்கு என் அரைகுறைச் சிங்களம் போதும். குரல் கூரைக்கு ஏறியது. “அடிச்சிட்டான்!” என்று இரண்டு கையையும் தூக்கினீர்கள். கை பட்டுச் சைக்கிள் சரிந்தது, வயர் அறுந்தது, ரேடியோ செத்துப்போனது. உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை மாமி.

சற்று நேரத்தில் அக்கரை ஆமி முகாமிலிருந்து வெடிச்சத்தம். நான் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு தரையில் படுத்துவிட்டேன். நீங்களோ முற்றத்துக்கு ஓடினீர்கள்.

“எழும்பு புள்ள! வானத்துக்குச் சுடுறாங்க. வெண்டாச்சு!”

அந்தி வானத்தில் சிவப்புச் சிவப்பாய்க் குண்டுகள் ஏறின. வாவித் தண்ணீரிலும் தெரிந்தன. மகனைக் கொண்டுபோன அதே முகாமைப் பார்த்துக் கை தட்டினீர்கள். தட்டிக்கொண்டே அழுதீர்கள். “அவனுக்கும் கேட்டிருக்கும், என்ன புள்ள?” என்றீர்கள். அப்படியொரு மனுஷியை அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

இப்போது வீட்டில் பெரிய டிவி இருக்கிறது. கடைசிப் பந்தில் உங்கள் பேரன் துள்ளிக் குதித்துக் கை தட்டுவான். என் வலது கை மட்டும் மடியில் சுழன்றுகொண்டே இருக்கும்.

“நீங்க ஏனம்மா கை தட்டல்ல?” என்று கேட்பான்.

“சித்தப்பா கேட்டு முடிக்கட்டும் மனே” என்பேன்.