போத்தோவுக்கு வந்த ஒரே அழைப்பு

பிஷ்கேக்

அன்பு மகன் நூர்காஸிக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், என் மனசுதான் கொதித்துக் கிடக்கிறது. நோவோசிபிர்ஸ்கில் பனி தொடங்கியிருக்கும், நீயும் மருமகளும் குழந்தை கமிலாவும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் கத்திவிடுவேன் என்று உன் அம்மா அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள், அதனால்தான் இந்தக் காகிதம்.

வியாழக்கிழமை எங்கள் டிவி பொம்மை நிகழ்ச்சிக்கு முப்பதாவது ஆண்டு விழா. என்ன விழா போ! பெரிய மனிதர்கள் வரிசையாக வந்து பேசித் தீர்த்தார்கள். போத்தோவின் தலையில் வெள்ளைக் கல்பாக் தொப்பி வைத்துக் கைதட்டினார்கள், மேசைக்கடியில் குந்திக்கொண்டு அந்த ஒட்டகக்குட்டி பொம்மையின் கழுத்துக்குள் கையை விட்டுத் தூக்கிப் பிடித்திருந்த என்னை ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. அது கிடக்கட்டும். தயாரிப்பாளர் மேரிம் முன்னாடியே சொல்லிவிட்டாள், இன்றைக்குப் பிள்ளைகள் போன் பண்ணினால்தான் அடுத்த வருஷம் நிகழ்ச்சி, இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று. ஒரு காலத்தில் போத்தோவோடு பேசப் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். உள்ளே இருப்பது உன் அப்பன் என்று தெரிந்தும், லைன் கிடைக்கவில்லையென்று நீயே தரையில் புரண்டு அழுதிருக்கிறாய். இப்போது ஆளுக்கொரு செல்போன், அதில் ஓடுவது வேறு. போத்தோ கேமராவைப் பார்த்துக் கெஞ்சுகிறது, மணி அடிக்கவே இல்லை. தோள் கழன்று விழும்போல் வலி, அவமானம் வேறு.

கடைசியில் ஒரு அழைப்பு வந்தது. பெயர் கமிலா, ஊர் நோவோசிபிர்ஸ்க் என்று போனை எடுத்த பெண் சொன்னதும் போத்தோவின் கழுத்தை இன்னும் உயரத் தூக்கிப் பிடித்தேன். நம் வீட்டுப் பிள்ளை காப்பாற்ற வந்துவிட்டது என்று நினைத்தேன். உன் கழுத்து ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்டாள், ரஷ்ய மொழியில். போத்தோவுக்கு நம் கிர்கிஸ் தவிர வேறு மொழி தெரியாது, முதல் நாளிலிருந்தே அப்படித்தான், அதற்காகத்தான் தாய்மார்கள் பிள்ளைகளை அதன் முன்னால் உட்கார வைத்தார்கள், இது உனக்குத் தெரியாததா? "என்ன கேட்டே கண்ணு, இன்னொரு தடவ சொல்லேன்" என்று போத்தோ நம் மொழியில் கேட்டது. அவள் உன்னிடம், மறுபடி ரஷ்ய மொழியிலேயே, "அப்பா, இது என்ன பேசுது? ஒண்ணும் புரியலையே" என்றாள். நீ போனை வைத்துவிட்டாய். நிகழ்ச்சியைப் பார்ப்பவர்கள் குறைந்துபோனது அன்றைக்கு ஒருநாள்தான் எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஏண்டா, குழந்தைக்கு ஆறு வயதாகிறது, ஒரு வார்த்தைகூடவா சொல்லித் தரவில்லை? ரஷ்ய மொழி வேண்டாமென்று நான் சொல்லவில்லை, உங்களுக்கு ரொட்டி போடுவது அந்த ஊர். டாக்சி ஓட்டிவிட்டு வந்தால் நேரமில்லை என்பாய், சாப்பிடும்போது பெற்ற பிள்ளையோடு பேசத் தனியாக நேரம் வேண்டுமா? ஊரார் பிள்ளைகளை வளர்க்கும் லட்சணத்தைப் பற்றி மேரிமிடம் தினமும் பொரிந்து தள்ளுவேன், இனி எந்த முகத்தோடு பேசுவேன் சொல்.

வருஷக் கடைசியோடு நிகழ்ச்சியை நிறுத்துகிறார்கள், முடிவாகச் சொல்லிவிட்டார்கள். அதற்குள் அந்த ஒரு கேள்வியையாவது நம் மொழியில் அவளுக்குப் பழக்கி, ஏதாவது ஒரு வியாழக்கிழமை போன் பண்ண வை, மறந்துவிடாதே. உள்ளே இருப்பது நான் என்று அவளிடம் மூச்சுவிடாதே. அம்மா உலர்தயிர் உருண்டை அனுப்பியிருக்கிறாள். பனியில் வண்டியைப் பார்த்து ஓட்டு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது வாழ வேண்டும். எனக்கு ரஷ்ய மொழி நன்றாகவே தெரியும், அந்தக் கழுத்துக் கேள்விக்குப் பதிலை இந்தக் காகிதத்திலேயே எழுதிவிடலாம். ஆனால் அவள் கேட்டது என்னை இல்லை, போத்தோவை.

உன் அப்பா
தோலோமுஷ்