இடது மூலையில் நிற்பவள்

தாடிக்கொம்பு பக்கம்,
13 ஜூலை 2025

அன்பான கீர்த்தனாவுக்கு,

சிவனம்மாள் எழுதுவது. நீ விளையாட்டு விடுதிக்குப் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. சோறு எப்படி இருக்கிறது, பிள்ளைகள் எப்படி, எல்லாம் எழுது. போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை வீட்டாரோடு மட்டும் பேசலாம் என்று உன் அம்மா சொன்னார். எனக்கு அது ஒன்றும் குறையில்லை. போனில் 'ம்' தவிர எனக்கு என்ன வரும்? "அடியே, லைன்ல இருக்கியா செத்துட்டியா?" என்று நீ கத்துவாய். காகிதத்தில் எனக்குக் கொஞ்சம் வாய் உண்டு.

இங்கே எப்போதும்போலத்தான். விடிவதற்குள் அம்மாவும் நானும் சம்பங்கி பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். சாயங்காலம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கபடி. நீ இல்லாமல் பாடிப் போக ஆளே இல்லை. நர்கீஸ் போகிறாள். நடுக்கோட்டைத் தாண்டியதுமே "அய்யோ" என்று திரும்பி வந்துவிடுகிறாள்.

சின்னாளப்பட்டிப் போட்டியை ஊரில் இன்னும் விடவில்லை. டீக்கடையில் கருப்பணன் மாமா என்னைப் பார்த்தால் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு, "ஜட்ஜம்மா வாராக, எந்திரிங்கடா" என்கிறார். கடைசி ரைடில் பாடி வந்த எதிரணிப் பெண்ணின் கால் விரல் என் கணுக்காலில் பட்டது நிஜம். நடுவர் பார்க்கவில்லை. நம் களத்தில் என்றைக்கு நடுவர் இருந்தார்? தொடுபட்டவள் தானே கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போவதுதானே நம் வழக்கம். அந்தப் பழக்கத்தில் கை தானாக மேலே போய்விட்டது. ஒரு பாயின்டில் தோற்றோம். நீ அன்று வேனில் என்னோடு பேசவில்லை. அதை நான் மறந்துவிட்டேன், நீயும் மறந்திருப்பாய்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். ஆள் எடுக்க வந்திருந்த கோச் சார், நான் கையைத் தூக்கி வெளியே போனபோது என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் உன்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நீ ஓடி வந்து, "என்னை எடுத்துட்டாகடி" என்றாய். என்னைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லையா? பள்ளியை விட்டவர்களையும் அங்கே பதினொன்றாம் வகுப்பில் சேர்த்துவிடுவார்களாமே. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உன் தோழி,
சிவனம்மாள்

---

விடுதி,
24 ஜூலை 2025

என் தங்க சிவனு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்துவிட்டேன். என் அறைப் பிள்ளைகள், "யாருடி இந்தக் காலத்துல லெட்டர் போடுறது, ஆளா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். ஆமாம், என் ஆள்தான் என்றேன்.

இங்கே காலை ஐந்து மணிக்கு விசில். ஓட்டம், கயிறு, மணல் மூட்டை தூக்கிப் படி ஏறுவது. ராத்திரி படுத்தால் கால் தனியாகக் கிடந்து துடிக்கும். சார் தினமும் ஒன்றைச் சொல்வார்: "உடம்பு தோத்தா பரவால்ல, உள்ளுக்குள்ள தோக்காத." முட்டையும் பாலும் உண்டு. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனம் மட்டும் உன் அம்மா வைக்கிற மாதிரி வராது.

சார் உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு ரைடர்தான் வேண்டியிருந்தது. கேட்டிருந்தாலும் உங்கள் வீட்டில் விட்டிருப்பார்களா? பூ யார் பறிப்பது? நீயே யோசித்துப் பார்.

பார்சலைப் பிரித்தாயா? எனக்கு இங்கே புது முட்டிக் கவசம் கொடுத்துவிட்டார்கள். நாம் ஒரு ஜோடி வாங்கி ஆளுக்கு ஒன்று போட்டுக்கொண்டோமே, அதில் என் வலது கால் உறையை உனக்கே அனுப்பியிருக்கிறேன். கூடவே ஷூவும். எனக்குச் சின்னதாக இருந்தது, உனக்குச் சரியாக இருக்கும். மறுக்காமல் போட்டுக்கொள்.

ஆயிரம் முத்தங்களுடன்,
கீர்த்து

---

3 ஆகஸ்ட் 2025

கீர்த்தனா,

பார்சல் வந்தது. சந்தோஷம். ஷூ எனக்கும் சின்னதுதான், நம் இரண்டு பேர் காலும் ஒரே அளவு என்பது உனக்குத் தெரியுமே. நர்கீசுக்குக் கொடுத்துவிட்டேன். முட்டி உறை மட்டும் இருக்கிறது.

நான் எழுதுவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. எட்டாவது படிக்கும்போது ஒரு பென்சில் முனை கேட்டால்கூட, "திருப்பித் தருவியா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பாய். கேட்காமல் கொடுக்கிறவள் இல்லை நீ. அதனால் பார்சலைப் பிரித்ததும் சந்தோஷத்துக்கு முன்னால் ஏன் என்றுதான் தோன்றியது.

இன்னொரு விஷயம். போன வாரம் நர்கீஸ் தன் மாமி வீட்டு விசேஷத்துக்குச் சின்னாளப்பட்டி போயிருந்தாள். அங்கே ஒரு போட்டி நடந்திருக்கிறது. உங்கள் கோச்சோடு அன்று வந்திருந்த உதவியாள் விக்னேஷ்குமார் அண்ணன் அங்கே இருந்திருக்கிறார். நர்கீசை அடையாளம் கண்டு பேசினாராம். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உங்க டீம்ல லெஃப்ட் கார்னர் நின்னுச்சே, அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் முடிஞ்சிருச்சா?"

"யாருக்கு? சிவனுக்கா? அவ ஆம்பளையப் பாத்தா பூக்கூடைக்குப் பின்னால ஒளிவாண்ணே."

"வேடசந்தூர்ல மாப்பிள்ளைன்னு சொன்னாகளே."

நர்கீஸ் சிரித்துக்கொண்டே வந்து என்னிடம் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேடசந்தூர் மாப்பிள்ளை உனக்குத் தெரியும். தை மாதம் கண்ணுசாமி மாமா வந்து அந்தப் பேச்சை எடுத்தார். அம்மா அன்றே, "புள்ளைக்குப் பதினேழுகூட ஆகல, காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்று அனுப்பிவிட்டாள். அதோடு முடிந்தது. நர்கீசிடம்கூட நான் சொன்னதில்லை. வெட்கம். உன்னிடம் மட்டும் சொன்னேன்.

அந்த அண்ணனுக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று உனக்கு ஏதாவது தெரியுமா?

சிவனம்மாள்

---

12 ஆகஸ்ட் 2025

அன்பு சிவனு,

எதையோ நினைத்து ஏன் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாய்? அந்த அண்ணன் வாரம் ஒரு ஊர் சுற்றுகிறவர். வேறு எந்தப் பெண்ணையோ உன்னோடு குழப்பியிருப்பார். இல்லையென்றால் உன் மாமாவே டீக்கடையில் சொல்லி, அது பரவியிருக்கும். உன் மாமா வாய் தெரியாதா? இல்லை, உன் அம்மாவே யாரிடமாவது சொல்லியிருக்கலாம், பெரியவர்கள் பேசுவது நமக்குத் தெரிவதில்லை. நர்கீசும் ஒன்றைக் கேட்டால் இரண்டாகச் சொல்கிறவள்தானே. அவளுக்கு நம் சிநேகிதத்தில் எப்போதும் ஒரு பொறாமை உண்டு.

இதையெல்லாம் விடு. இங்கே எனக்கு ரொம்ப நெருக்கடி. அடுத்த மாதம் மண்டலப் போட்டி. இடது மூலையில் நிற்கும் பெண்ணுக்குத் தோள் இறங்கிவிட்டது, ஆள் இல்லை. சார் எரிந்து விழுகிறார். எனக்காக வேண்டிக்கொள், பெருமாள் கோயிலில் ஒரு நெய் விளக்குப் போடு.

உன்,
கீர்த்து

---

17 ஆகஸ்ட் 2025

கீர்த்தனாவுக்கு,

விளக்குப் போட்டேன். கேட்டதைச் செய்துவிட்டேன், இப்போது நான் கேட்கிறேன்.

நான் இடது மூலையில் நிற்கிறவள். எதிரில் பாடி வருகிறவள் சிரிப்பாள், கையை வீசுவாள், வலது பக்கம் பாய்கிற மாதிரித் தோளைத் தள்ளுவாள். அதையெல்லாம் பார்த்தால் ஏமாந்துபோவேன். அவள் கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று மட்டும் பார்ப்பேன். உன் கடிதத்தையும் அப்படித்தான் படித்தேன்.

அந்த அண்ணன், என் மாமா, என் அம்மா, நர்கீஸ் என்று எத்தனை பக்கம் கையை வீசியிருக்கிறாய்! நான்கு பேர் மேல் பழி போட்டிருக்கிறாய். 'நான் சொல்லவில்லை' என்று மட்டும் ஓர் இடத்திலும் எழுதவில்லை.

அம்மாவிடம் கேட்டேன். "உனக்கு மாப்பிள்ள பாத்தத நான் எதுக்குடி ஊருக்குச் சொல்லணும்? சொன்னா பத்திரிகை எங்கன்னு கேப்பாக" என்றாள். மாமா கேரளாவுக்குக் காய்கறி லாரியில் போகிறவர், போட்டியன்று ஊரிலேயே இல்லை. உங்கள் சாரையோ அந்த அண்ணனையோ இரண்டு பேருக்கும் தெரியாது. அன்று சாரோடு பேசியவள் நீ ஒருத்திதான்.

பூ பறிக்கும்போதும் இதேதான் மனசில் ஓடுகிறது. மொட்டோடு காம்பையும் சேர்த்துக் கிள்ளிவிடுகிறேன், அம்மா திட்டுகிறாள். யார் சிரித்தாலும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தோன்றுகிறது. நான் முன்னால் இப்படி இல்லை.

நீதானா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்று எழுது. முத்தம் எல்லாம் வேண்டாம்.

சிவனம்மாள்

---

26 ஆகஸ்ட் 2025

சிவனு,

ஆம்.

போட்டி முடிந்ததும் சார் என்னைக் கூப்பிட்டது என்னைப் பற்றிப் பேச இல்லை. "கைய தூக்கிட்டு வெளிய போச்சே, அந்தப் பொண்ணு யாரு? கூப்பிடு" என்றார். அன்றைக்கு நான் பதினோரு பாயின்ட் எடுத்திருந்தேன். உதடு கிழிந்து ரத்தத்தோடு நின்றிருந்தேன். என்னை அவர் பார்க்கவே இல்லை. "ஆட்டத்தச் சொல்லிக் குடுத்துரலாம், இதச் சொல்லிக் குடுக்க முடியாது" என்று அந்த அண்ணனிடம் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்குள் என்னவோ ஆகிவிட்டது. ஆட்டத்தைத் தோற்க வைத்தவளுக்கு இந்தப் பேரா என்று இருந்தது.

"அவளுக்குக் கல்யாணம் நிச்சயம் பண்ணிட்டாக சார், வேடசந்தூர் மாப்பிள்ளை" என்று வாய் சொல்லிவிட்டது. அவர் செத்த நேரம் உன் பக்கமே பார்த்தார். அப்புறம்தான், "சரி, உன் பேரென்னம்மா?" என்றார்.

ஷூவை நான் அளவு பார்த்து வாங்கவில்லை. கடையில் எதையோ எடுத்தேன், எதையாவது அனுப்ப வேண்டும்போல இருந்தது.

இது சாருக்குத் தெரிந்தால் என்னை அனுப்பிவிடுவார். அப்பா என்னைப் பழையபடி மில்லில் சேர்த்துவிடுவார், உனக்குத் தெரியும். உன் காலில் விழுகிறேன். இதை யாரிடமும் சொல்லாதே. மன்னித்தேன் என்று ஒரு வரி எழுது. அது வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

கீர்த்தனா

---

31 ஆகஸ்ட் 2025

கீர்த்தனாவுக்கு,

நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். அது உன் வேலை.

தொடுபட்டவள், தொட்டவளின் காதில் வந்து, "பட்டுச்சுடி, வெளிய சொல்லாத" என்றால் அதற்குப் பாயின்ட் உண்டா? நடுவருக்குத் தெரியும்படி கையைத் தூக்க வேண்டும். நாம் விளையாடிப் பழகியது அப்படித்தான். எனக்கு எழுதிவிட்டால் உனக்கு மனசு லேசாகும். எனக்கு என்ன ஆகும்? நான் இங்கேதான் பூ பறித்துக்கொண்டிருப்பேன்.

நீ கேட்ட வரியை இப்போது எழுத முடியாது. சோற்றைச் சாப்பிடு. மணல் மூட்டை தூக்குகிறவள் பட்டினி கிடக்கக் கூடாது.

சிவனம்மாள்

---

5 அக்டோபர் 2025

கீர்த்தனாவுக்கு,

செப்டம்பர் முழுக்க உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்குப் போவேன். அவர் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போவார். நீ கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பாய் என்று நினைத்தேன். மண்டலப் போட்டிக்கு வேறு எங்கிருந்தாவது ஒரு மூலை ஆளைப் பிடித்திருப்பீர்கள் என்றும் நினைத்தேன். உன் அம்மா கடைவீதியில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, என் மேல் வேறு ஏதோ சொல்லி வைத்திருக்கிறாய் என்று முடிவே கட்டிவிட்டேன்.

நேற்று மத்தியானம் அம்மாவின் போனுக்கு உங்கள் சார் பேசினார். நான் பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, உங்க பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமா?"

"ஏன், நீங்க மொய் எழுதப் போறீகளா?" என்றாள் அம்மா.

அப்புறம் அவர் சொல்லச் சொல்ல அம்மா முகம் மாறியது. சாயங்காலப் பயிற்சியில் அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் நீ கையைத் தூக்கிக்கொண்டு நின்றாயாம். ஆட்டமே நடக்கவில்லை, எதுக்கும்மா கைய தூக்குற என்று கேட்டாராம். நீ எல்லாவற்றையும் சொன்னாயாம். இந்த வருடம் எந்தப் போட்டியிலும் உன்னை இறக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டாராம். ஆனால் அனுப்பவில்லை. மைதானத்தில் தண்ணீர் கொடுக்கிறாய், கோடு போடுகிறாய் என்றார். உன் அம்மா ஏன் முகத்தைத் திருப்பினார் என்று அப்போதுதான் விளங்கியது.

என்னை 13-ஆம் தேதி திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். முதலில் ஆட்டம் பார்ப்பாராம். தேறினால் அடுத்த ஜூனில் பதினொன்றில் சேர்ப்பாராம்.  "படிக்கவும் வப்பீகளா?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டாள். அப்புறம் போனைப் பொத்திக்கொண்டு, "போறியாடி?" என்றாள்.

"போறேன்" என்றேன்.

"இம்புட்டுச் சத்தமாப் பேச வருமா உனக்கு?" என்று அம்மா என்னையே பார்த்தாள். பூவுக்குச் சின்னத்தையைக் கூப்பிட்டுக்கொள்வாளாம்.

கீர்த்தனா, நீயாகத்தான் கையைத் தூக்கினாயா, இல்லை நான் எப்படியும் சொல்லிவிடுவேன் என்று பயந்து தூக்கினாயா என்று ராத்திரி யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. இனி கேட்கவும் மாட்டேன். நடுவர் உள்ளே நுழைந்து பார்ப்பதில்லை. கை மேலே போனதா என்றுதான் பார்ப்பார்.

உன் வலது முட்டி உறையைத் துவைத்துப் பையில் வைத்திருக்கிறேன். அது உன்னுடையது, வந்ததும் வாங்கிக்கொள். நர்கீஸ் ஷூவைத் திருப்பித் தர மாட்டாளாம், பஞ்சு வைத்துப் போட்டுக்கொள்கிறாள். அம்மா உனக்கும் சேர்த்து எள்ளுருண்டை பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு உன் மேல் இன்னும் கோபம் போகவில்லை, உருண்டை கொஞ்சம் கெட்டியாக இருக்கும்.

பயிற்சியில் நீ எனக்கு எதிர்ப்பக்கம் பாடி வா. நான் இடது மூலையில் நிற்பேன். நீ சிரித்தால் நானும் சிரிப்பேன். ஆனால் உன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

திங்கட்கிழமை வருகிறவள்,
சிவனம்மாள்