நான்கு இரும்பு எண்கள்

ஹோலும்,
மே 9, 1962.

அன்புள்ள ரின்ஸ்கே அக்காவுக்கு, ஆல்ச்சே எழுதிக்கொள்வது. இங்கே நானும் கோழிகளும் நலம். உங்கள் நெஞ்சுச் சளி குறைந்ததா, டாக்டர் நடக்க விடுகிறாரா என்று எழுதுங்கள்.

வீட்டு முகப்பில் இருக்கும் இரும்பு எட்டின் கீழ்விளிம்பில் மூன்று கோடுகள் இருந்தன. நான் முதலில் கவனித்தது அதைத்தான்.

வீடு கட்டிய வருடத்தைக் காட்டிக்கொண்டு, முகப்புச் சுவரை உள்ளே விட்டங்களோடு இழுத்துப் பிடித்திருக்கும் நான்கு இரும்பு எண்களுக்கும் ஒவ்வொரு வசந்தத்திலும் நீங்கள்தான் கறுப்பு பெயின்ட் அடிப்பீர்கள். இந்த வருடம் நீங்கள் தீவை விட்டு அக்கரையில் ஆஸ்பத்திரியில் இருப்பதால் நான் ஏணி போட்டு ஏறினேன். குளிர்காலப் புயலில் உப்பு ஏறி, பழைய பெயின்ட் பொருக்குப் பொருக்காக உரிந்து கிடந்தது. இரும்பு தெரியும்வரை சுரண்டினேன். ஒன்றுக்குக் கீழே ஒரு கோடு. எட்டுக்கு மூன்று. அடுத்த ஏழுக்கு இரண்டு. கடைசி ஏழுக்கு நான்கு. எல்லாம் உளியால் வெட்டியவை. எதற்குப் பிறகு எதை மாட்டுவது என்று தெரியக் கொல்லன் வெட்டியிருப்பான் என்று தோன்றியது. அப்படியானால் இப்போது மாட்டியிருக்கும் வரிசை தப்பு. கோடுகளின்படி வைத்துப் பார்த்தால் 1877 இல்லை, 1787.

உயிர்காப்புப் படகைக் கடலுக்கு இழுக்கும் பயிற்சி முடிந்து, பக்கத்து வீட்டு ஊட்ஸ் மாமா தன் குதிரையோடு வந்துகொண்டிருந்தார். “என்னடி, சுவருக்கு முத்தம் குடுக்கிறியா?” என்று கேட்டார். நான் கோடுகளைக் காட்டினேன். கொஞ்ச நேரம் தாடையைத் தேய்த்தார். அப்புறம் குதிரை மிரளும்படி சிரித்தார். அந்தக் காலத்துப் புயலில் உங்கள் வீட்டு முகப்பு மட்டும் இடிந்து விழுந்ததை அவருடைய அப்பா சொல்லியிருக்கிறாராம். “சுவர் புதுசு, வருஷமும் புதுசா இருக்கணும்னு ரின்ஸ்கேவோட கொள்ளுத்தாத்தாவுக்கு ஆசை. புது இரும்பு அடிக்கக் குடுக்கத்தான் மனசு வந்திருக்காது. அதே நாலு எண்ணு பொருந்தி வந்தா விடுவானா மனுசன்? இடம் மாத்தி மாட்டிட்டான். நம்ம ஊர்க்காரன்ல!” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை அக்கா. உங்கள் அண்ணன் டாவே வீட்டை விற்கப் பேசியிருப்பது ஊருக்கே தெரியும். வாங்குகிறவர் இதை இடித்துவிட்டுக் கோடை விருந்தாளிகளுக்கு விடுதி கட்டப் போகிறாராம். பழைய கட்டடங்களைப் பட்டியல் போடும் அதிகாரி வியாழக்கிழமை வருகிறார், பட்டியலில் ஏறிவிட்டால் யாரும் இடிக்க முடியாது, ஆனால் ரொம்பப் பழைய வீடுகளைத்தான் சேர்க்கிறார் என்று தபால் நிலையத்தில் பேசிக்கொண்டார்கள். உங்கள் பாதிப் பங்குக்கான கையெழுத்தை நீங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே போட்டுவிடுவீர்களோ என்று எனக்குப் பயமாக இருந்தது. குணமாகி நீங்கள் திரும்பி வர வேறு வீடு ஏது?

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். உயரமான ஆள், நல்ல தோல் செருப்பு. ஊட்ஸ் மாமாவைக் கூடவே வரச் சொல்லியிருந்தேன். குதிரைக்கு லாடம் அடிக்கப் போனவர் திரும்பவே இல்லை. அதிகாரி தெருவிலேயே நின்று அண்ணாந்து பார்த்தார். 1877 என்று எழுதினார். “வீடு அழகா இருக்கும்மா. வயசுதான் பத்தாது” என்று சொல்லி நோட்டை மூடினார்.

என் வாய் வழக்கம்போல ஒட்டிக்கொண்டது. பள்ளியில் கரும்பலகை முன்னால் நின்றபோது எப்படி இருந்ததோ அப்படியே. அவர் நாலு வீடு தள்ளிப் போய்விட்டார். நான் கொட்டகைக்கு ஓடி ஏணியை எடுத்தேன். மரச்செருப்பு தெருவெல்லாம் சத்தம் போட, அவருக்கு முன்னால் போய் ஏணியோடு வழிமறித்து நின்றேன். “இது என்னம்மா, என்னை எங்க ஏறச் சொல்ற?” என்றார். திரும்பி நடந்து சுவரில் சாய்த்தேன். அவரும் வந்தார். மேலே கை காட்டினேன். அவர் ஏறினார். அப்போதுதான் ஒரு சொல் வந்தது. “எண்ணுங்க” என்றேன்.

எண்ணினார். மறுபடி எண்ணினார். இறங்கி வந்து, “மச்சுக்கு எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

மச்சில் அந்த இரும்புகள் வந்து மாட்டும் விட்டங்களின் தலையிலும் அதே கோடுகள் இருந்தன, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஒழுங்காக. தூசியைத் துடைத்ததும் நன்றாகத் தெரிந்தன. முகப்பு மட்டும் இளசு, பின்னால் இருக்கும் வீடு முழுக்கப் பழசு என்றார். திமிங்கில வேட்டைக்கு வடக்கே போன கப்பல் தலைவன் கட்டியதாக நீங்கள் சொல்வீர்களே, அது உண்மையாகத்தான் இருக்கும் அக்கா. நீங்கள் பிறந்த, சுவருக்குள் பதித்த அலமாரிக் கட்டிலின் கதவைக்கூடத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தார்.

அவருடைய படகு போய்விட்டது. காபி கொடுத்தேன். உங்களைப் போலவே ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு டப்பாவை மூடினேன். “ஏணி எதுக்கு? டப்பாவை மூடுற வேகத்திலயே இது எத்தனை தலைமுறைச் சிக்கனம்னு தெரியுதே” என்று சிரித்தார். பிறகு 1877-ஐ அடித்துவிட்டு 1787 என்று எழுதினார். முடிவு வரும்வரை ஒரு செங்கல்லையும் யாரும் தொடக் கூடாது என்று தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை உங்கள் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன்.

டாவே அண்ணன் ஊட்ஸ் மாமா வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். வாங்குகிறவர் பின்வாங்கிவிட்டாராம். பிறகு, “மாடிக்குப் போற மூணாவது படி மிதிச்சா இன்னும் கத்துதா?” என்று கேட்டார். கத்துகிறது என்றேன். “சரி, கத்தட்டும்” என்று வைத்துவிட்டார்.

நான் பள்ளியை விட்டபோது ஊரில் எல்லாரும் ஏன் ஏன் என்று கேட்டார்கள். நீங்கள் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. சாவியைக் கையில் கொடுத்து, “மேல இருக்கிற ரூம்ல காத்து நல்லா வரும், நீ அதை எடுத்துக்க” என்றீர்கள். அதற்கு நன்றி சொல்ல இரண்டு வருடமாக வாய் வரவில்லை. எழுத வருகிறது. நன்றி அக்கா.

எண்களை வரிசை மாற்றி மாட்டட்டுமா என்று ஊட்ஸ் மாமா கேட்டார். வேண்டாம், அக்கா வந்து தெருவில் நின்று பார்த்துச் சொல்லட்டும் என்றேன். ஆகவே நீங்கள் வந்தே ஆக வேண்டும். கடவுள் உங்கள் மூச்சைச் சீக்கிரம் சரியாக்கட்டும்.

மூன்று எண்களுக்குப் பெயின்ட் அடித்துவிட்டேன். கடைசியில் இருக்கும் ஏழு என்ற எண்ணை உங்களுக்கென்று விட்டு, தூரிகையைக் கழுவி எண்ணெயில் போட்டு வைத்தேன்.

உங்கள்
ஆல்ச்சே