பரீதாட சைக்கிள் சாமான்

1982 ஜனவரி 11, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். தறியில் நீலச் சாரன் துணி, பாதிதான். நூலெல்லாம் ஈரம்.

மகள் பரீதா பள்ளிக்கூடத்தால் வரப் பிந்திவிட்டாள். வழியில் வலது பெடல் ஆடத் தொடங்கிவிட்டதாம். பெடல் தண்டைப் பிடித்து வைக்கிற கொட்டர் பின் தளர்வு. பாண்டிருப்பு சைக்கிள் கடையில் கொடுத்துவிட்டு நின்றிருக்கிறாள். கடை நிறைய ஆம்பிளைகள். இவள் ஒருத்தி.

அவள் வீடு வருமுன்னம் கதை வந்துவிட்டது. அசர் தொழுகைக்குப் பிறகு என் கூடப் பிறந்த மூத்தவர், காக்கா வந்தார். கடையைச் சாத்திவிட்டு வந்தாரென்றால் சும்மா வரவில்லை.

"குமருப் புள்ள சைக்கிள் கடையில நிக்கிறாள். உன்ட புருசன் சவூதியில, தமாமில. நாளைக்கு அவர் என்னத்தான் கேப்பார்."

"நடுவழியில பழுதாகினா என்ன செய்யிற காக்கா?"

"அதத்தான் நானும் கேக்கன். இன்னொருக்கா றோட்டில நிண்டாள் எண்டு காதில விழுந்தா, கல்முனைப் பள்ளிக்கூடம் அதோட சரி. இஞ்ச ஊருக்குள்ள படிக்கட்டும்."

ஓம் என்றேன். காக்கா கெட்டவரில்லை. பரீதாவின் வாப்பா தமாமுக்குப் போன நாளிலிருந்து எங்களுக்கு மீன் வந்ததா என்று கூடப் பார்க்கிற ஆள். ஆனால் பரீதாவுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் எடுக்க நான் ஏறி இறங்கிய வாசல்கள் எனக்குத்தான் தெரியும்.

பரீதா சோறு தின்னவில்லை.

ஜனவரி 12, செவ்வாய்

பெடல் திரும்ப ஆடுகிறது. கடைக்காரன் இரண்டு அடி அடித்துக் கொடுத்தது ஒரு நாளுக்குத்தான். இனி நானே பார்க்கிறேன்.

வீட்டில் உள்ளவை: சுத்தியல், துருப்பிடித்த குறடு, அவர் விட்டுப் போன ஸ்பெனர் ஒன்று.

நட்டைக் கழற்றினேன். பின்னை அடித்தேன். வரவில்லை. இன்னும் பலமாக அடித்தேன். முனை நசிந்து வளைந்து போனது. இனிக் கழலவும் மாட்டாது, இறுகவும் மாட்டாது.

ப. பார்த்துக்கொண்டே நின்றாள். "உம்மா, நல்லாத்தான் அடிச்சிரிக்கீங்க. இனி இத வித்துப் பேரிச்சம்பழம் வாங்குவம்."

சிரிப்பு வந்தது. மறுகா கோபம். என் மேல்தான். அவள் இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லை.

ஜனவரி 14, வியாழன்

வாடைக் காத்து. ப. பஸ்ஸில் போனாள். சட்டை கசங்கி வந்தாள். பஸ்ஸுக்குள் நிற்கக்கூட இடமில்லையாம். அதைக் காக்கா பார்க்க வேண்டும்.

பகல் கல்முனை பசாருக்குப் போனேன், பக்கத்து வீட்டில் அக்கா முறையான சித்தி ராத்தாவோடு. இரும்புக் கடை. கடைக்காரர், "ஆருக்கு?" என்றார். எனக்கு என்றேன். அவர் ராத்தாவைப் பார்த்தார். ராத்தா தலையில் போட்டிருந்த சீலையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டா. நான் மூடவில்லை.

வாங்கியவை:
கம்பிச் சாவி. வட்டமாக, சுற்றிவர வெட்டு வெட்டாக. சில்லுக் கம்பிகளை முறுக்க.
தட்டையான ஸ்பெனர். அச்சுக்கு.
டயர் கழற்றும் தகடு இரண்டு. பஞ்சருக்கு ஒட்டுத் துண்டு, சொலூசன். புதுக் கொட்டர் பின் ஒன்று, அரம் ஒன்று.

எல்லாம் முட்டை விற்ற காசில் அடங்கிவிட்டது. இவ்வளவு மலிவென்று தெரியாமல் இத்தனை நாள் கடை கடையாகக் கொடுத்திருக்கிறோம்.

கொட்டர் பின் கழற்ற ஒரு சாமானும் இல்லை. "இஞ்ச ஒருத்தரும் கேக்கிறல்ல. சுத்தியலால அடிக்கிற, அவ்வளவுதான்" என்றார் கடைக்காரர். அடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஜனவரி 16, சனி

யோசித்தேன். அடிக்கக் கூடாது. தள்ள வேண்டும். மெல்ல, நேராக. திருகித் திருகி.

குசினி மேசையில் தேங்காய் திருவுகிற மிசின். அதை மேசையோடு இறுக்கிப் பிடிக்கிற வாய் அப்படித்தான் திருகித் திருகித் தள்ளுகிறது. கழற்றிக் கொண்டுபோய்க் கொட்டர் பின்னுக்குப் போட்டுத் திருகினேன். பின் அசைந்தது. அசைந்தது என்றுதான் நினைக்கிறேன். படாரென்று வாய் இரண்டு துண்டு.

இப்போது சைக்கிளும் இல்லை, தேங்காய் திருவவும் வழியில்லை. பகல் கறி தேங்காய்ப் பாலில்லாமல். ப. தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தின்றாள்.

ஆனால் யோசனை சரி. இரும்புதான் சரியில்லை.

ஜனவரி 19, செவ்வாய்

சம்மாந்துறை. ட்றக்டர் திருத்துகிற பட்டறை. சித்தி ராத்தா துணைக்கு, வழி நெடுக முணுமுணுப்பு. "தேங்கா திருவுறத உடைச்சாய், இனி என்னத்த உடைக்கப் போறாய் புள்ள?"

பட்டறைக்காரர் பெரிய உடம்பு, முகமெல்லாம் புகை. வயல் வெட்டுக்கு முன் ட்றக்டர் வரிசையாக நிற்கிறது. என்னைக் கண்டதும் யாருடைய மனைவி, எந்த ட்றக்டர் என்று கேட்டார். தேங்காய் மிசினின் உடைந்த வாயைக் காட்டினேன். இதேமாதிரி, ஆனால் தடிப்பாக. ஒரு பக்கம் பின்னுடைய தலை போகத் துளை. மற்றப் பக்கம் திருகாணி, அதற்கு நீளமான கைபிடி.

"சைக்கிளுக்கா? அடிச்சா வருமே."

"வரல்ல."

நசிந்த பின்னைக் கடதாசியில் கீறிக் காட்டினேன். கொஞ்சம் பார்த்தார். ட்றக்டரை விட்டுவிட்டு வந்து பழைய இரும்புக் குவியலைக் கிளறினார். ஏதோ பாரமான துண்டு ஒன்றை எடுத்து வளைத்து, ஒட்டி, துளைத்துத் தந்தார்.

"தங்கச்சி, இது உடையாது. என்ட தலையில போட்டா தலதான் உடையும்."

பாரம். மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன், பிள்ளை மாதிரி.

ஜனவரி 20, புதன்

வெயில். பல நாளுக்குப் பிறகு.

வளைந்த முனையை, இரவல் வாங்கிய இரும்பறுக்கிற வாளால் அறுத்தேன். சாமானைப் போட்டேன். திருகினேன். இறுகியது, இன்னும் இறுகியது, கை வலித்தது. ஒன்றுமில்லை. கொஞ்சம் எண்ணெய் விட்டுவிட்டு ளுகர் தொழுதுவிட்டு வந்தேன். திரும்பக் கைபிடியைப் பிடித்து ஒரு இழுவை. டக். அந்தச் சத்தம்! பின் வெளியே விழுந்தது.

பெருமை கூடாது என்று ஓதிக் கொடுத்திருக்கிறார்கள். இது சந்தோசம்தான் என்று மனதுக்குச் சொன்னேன். பொய். பெருமைதான். பழைய பின்னைப் பள்ளிக்கூடத்தால் வந்த பரீதாவின் கையில் கொடுத்தேன். "அல்லாஹ்! உம்மா!" என்று கட்டிப்பிடித்தாள்.

புதுப் பின் அவள்தான் போட்டாள். சரிவான பக்கம் நன்றாகப் படியும்வரை அரத்தால் ராவினாள். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

நாளைக்கு சைக்கிளில்.

ஜனவரி 30, சனி

முன்சில்லு நெளிவு. குழியில் விட்டுவிட்டாள்.

சைக்கிளைக் கவிழ்த்து வைத்தோம். சில்லைப் பிடிக்கிற கவட்டுக் காலில் ஈர்க்கு ஒன்றை நூலால் கட்டி, நுனி ரிம்முக்குக் கிட்ட. சில்லைச் சுற்றினால் நெளிந்த இடத்தில் மட்டும் 'சர்' என்று உரசும். அந்த இடத்துக் கம்பிகளைச் சாவியால் முறுக்கினேன். நெளிவு கூடியது. கவிழ்த்து வைத்தால் முறுக்கும் பக்கம் மாறித் தெரிகிறது, அதைப் பிடிக்கவே பகல் போய்விட்டது. ஒரு பக்கம் இறுக்கினால் எதிர்ப்பக்கம் தளர்த்த வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக.

அசருக்கு அடுத்து ஒரு சுற்று. சத்தமில்லை. இன்னொரு சுற்று. சத்தமில்லை.

"உம்மா, சும்மா சுத்தி விடுங்க, பாத்துட்டு இரிப்பம்" என்றாள். இருவரும் வெறும் சில்லைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சாரன் வேலை கிடக்கிறது. கிடக்கட்டும்.

பெப்ரவரி 3, புதன்

தமாமுக்கு, அவருக்குக் கசெட்டில் பேசிப் பதிந்து அனுப்பினேன். வீட்டுச் செய்தி, என் உம்மாவின் கால் வலி, காக்கா சொன்னது, பின் கழற்றியது எல்லாம். கடைசியில், "லீவில ஆரும் வந்தா ஒரு செயின் சாமான் குடுத்து விடுங்க" என்றேன். சைக்கிள் செயின் கழற்றிப் பூட்டுகிற சின்னச் சாமான். கல்முனையில் கிடைக்கவில்லை.

மார்ச் 6, சனி

கீழ்த்தெருவுக்கு ஒருவர் தமாமிலிருந்து லீவில். எங்களுக்கும் பார்சல். "செயின் வந்திரிக்காம்" என்று தெருவெல்லாம் கதை. நான் பிரிக்க முன்னம் சித்தி ராத்தா, காக்காவின் பொஞ்சாதி மச்சி, இன்னும் இரண்டு பேர்.

"எங்க புள்ள? காட்டு பாப்பம், எத்தின பவுன்?"

சின்னப் பெட்டி. உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் ஒரு கைப்பிடி, ஒரு ஊசி, ஒரு திருகாணி. இரும்பு.

"இதா செயின்?"

"ஓம். செயின் சாமான்."

ராத்தா மூக்கில் விரல் வைத்தா. மச்சி பெட்டிக்குள் இன்னும் ஏதும் இருக்கா என்று பஞ்சைக் கிண்டினா.

கசெட்டும் இருந்தது. எல்லாரும் போன பிறகு போட்டோம். அவருடைய குரல்: "அறையில உள்ளவனெல்லாம் சிரிக்கிறான், உன்ட பொஞ்சாதி செயின் கேட்டாளே, எங்க எண்டு. நானும் சிரிச்சன். பொறகு அவங்களுக்கெல்லாம் அந்தப் பின் கதையச் சொன்னன். எங்க வீட்டுக்காரி எண்டு சொன்னன்." பிறகு மின்விசிறிச் சத்தம் மட்டும். "பரீதாவ நல்லா படிக்கச் சொல்லு."

'எங்க வீட்டுக்காரி.' அந்த இடத்தை ப. திரும்பப் போட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மார்ச் 17, புதன்

வெயில். தறி.

ப. பிந்தி வந்தாள், கை கறுப்பு. கேட்டேன். பாண்டிருப்பில் செல்வி என்ற வகுப்புப் பிள்ளையின் செயின் அறுந்து போனதாம், காலையில் போகும்போது. அந்தப் பிள்ளை அழுதுகொண்டு நின்றதாம். இன்றைக்கு இருவருக்கும் பள்ளிக்கூடத்தில் சோதனை. இவள் பையில் இருந்த சாமானை எடுத்து றோட்டோரம் குந்தி, அறுந்த துண்டைக் கழற்றி, மற்றதைப் பூட்டி, பின்சில்லைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி, இருவரும் சோதனைக்குப் போய்விட்டார்கள். மாலையில் சில்லைத் திரும்ப ஒருக்கால் சரி பார்த்துக் கொடுத்தாளாம்.

"றோட்டில நிண்டியா?"

"நிக்கல்ல உம்மா. குந்தினன்."

சிரிக்க முடியவில்லை. காக்காவின் காதுக்குப் போகாமல் இருக்குமா?

மார்ச் 18, வியாழன்

போய்விட்டது. அசருக்குப் பிறகு காக்கா. கடையைச் சாத்திவிட்டு.

பரீதா வீட்டு முன் வளவில் சைக்கிள் செயினுக்குக் கிறீஸ் போட்டுக்கொண்டிருந்தாள். காக்கா அவளைப் பார்த்தார், உள்ளே வந்தார், இருந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். குடிக்கவில்லை. நானே தொடங்கினேன்.

"காக்கா, அவள்ட சைக்கிள் பழுதாகல்ல. அந்தத் தமிழ்ப் புள்ளட சைக்கிள். அழுதிட்டு நிண்ட புள்ளய விட்டுட்டு வரச் சொல்றீங்களா? அப்பிடியெண்டா அவள நான் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பியிரிக்கக் கூடாது."

என் வாய்தானா அது? காக்காவோடு இப்படிக் கதைத்ததே இல்லை.

"கதைச்சி முடிச்சிட்டியா?"

"ஓம்."

"அந்தப் புள்ளட வாப்பா விடிய என்ட கடைக்கு வந்தார். கடையில ஆக்கள். எல்லாருக்கும் முன்னால கையப் பிடிச்சிட்டார். 'உங்கட வீட்டுப் புள்ளயா அது? என்ட மகள் சோதினைக்குப் போனது அவளாலதான்' எண்டார்."

தேத்தண்ணியை எடுத்தார். ஆறிப் போயிருந்தது. குடித்தார்.

"நீங்க என்ன சொன்னீங்க காக்கா?"

"என்ன சொல்லுற. ஓம், என்ட மருமகள்தான் எண்டன்." கோப்பையை வைத்தார். "ரெண்டு தரம் சொன்னன்."

எழும்பிப் போய்விட்டார். வளவில் அவளைத் தாண்டிப் போகும்போது அவள் தலையில் கை வைத்தார்.

ப. ஓடி வந்தாள். "மாமா ஏசினாரா? பள்ளிக்கூடம் சரியா?" மாமா சொன்னதைச் சொன்னேன், ரெண்டு தரம் என்பதையும். கையில் கிறீஸ் என்பதை மறந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். எடுத்தபோது முகம் முழுக்கக் கறுப்பு, கண் மட்டும் வெள்ளையாகச் சிரித்தது.